நெக்-தா இறங்கிய மதியம்

சன்னல்களைத் திறந்துவிடச் சொல்லித் தொழிலாளர் சங்கம் கேட்டது. சங்கத்தை ஆரம்பித்த சொபீப்பை மறுநாளே வேலையைவிட்டு நீக்கினார்கள். அன்றிலிருந்து அவள் தொழிற்சாலை வாசலில் வெயிலில் நின்றாள். உள்ளே யாரும் பயத்தில் அவள் பெயரைக்கூட எடுப்பதில்லை.

புழுக்கத்தில் தையல்காரப் பெண்கள் மயங்கி விழத் தொடங்கியபோதுதான் மேலாளர் ரித்தி கலங்கினார். கட்டடத்துக்காக வெட்டிய மரத்தில் குடியிருந்த நெக்-தா, அந்த மண்ணின் காவல் தெய்வம், கோபித்துக்கொண்டது என்று நம்பினார். முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்தார்.

"பன்னிக்கு இருக்குற மரியாத நமக்கில்லடி," என்றாள் பக்கத்து மிஷின் மாலிஸ்.

"பன்னி சங்கம் வைக்கலையே," என்றாள் பிசேய், தையலை நிறுத்தாமல்.

அன்று மதியம் பிசேய்க்குத் தலை சுற்றியது உண்மை. விழுந்ததும் உண்மை. ஆனால் கண் திறக்கும் முன்பே அவள் மனதுக்குள் ஒன்று தீர்மானமாகிவிட்டது. தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கிழவர் குரலில் உறுமினாள்.

"எவன்டா என் எடத்துல கொட்டாய் போட்டவன்?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "நெக்-தா தாத்தா எறங்கிட்டாரு!" என்று யாரோ அலறினார்கள். ரித்தி ஊதுபத்தியோடு ஓடிவந்து அவள் முன் மண்டியிட்டார்.

"என்ன வேணும் தாத்தா? இன்னொரு பன்னி படைக்கட்டுமா?"

"பன்னி எதுக்குடா? சன்னலத் தொற! வெளிய காயிறாளே சொபீப், எம் பேத்தி, அவளக் கூட்டியாந்து அவ மிஷின்ல ஒக்கார வை!"

"இப்பவே தாத்தா, இப்பவே." காவலாளி வாசலுக்கு ஓடினான். எங்கோ ஒரு சன்னல் கிறீச்சிட்டது. பிசேயின் முகத்தில் காற்றுப் பட்டது.

ரித்தி கைகளைக் குவித்து நெற்றிக்கு உயர்த்தி வணங்கினார். அவர் வரிசையைக் கடந்து போனாலே எழுந்து கும்பிட்டுப் பழகியவள் பிசேய். அவளைக் கேட்காமலே அவள் கைகள் குவிந்தன. தலை அவர் தலையைவிடத் தாழ்ந்தது.

ரித்தி அவள் கைகளையே பார்த்தார்.

"நெக்-தா எனக்குக் கும்பிடு போடுமா?" ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்தார். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, திரும்பி வந்த காவலாளியைப் பார்த்தார். "இவளையும் வெளிய தள்ளு. சன்னலச் சாத்து."

"அடிப்பாவி, கையச் சும்மா வச்சிருக்கக் கூடாதா?" மாலிஸின் குரல் அழுகையில் உடைந்தது.

வாசலில் சொபீப் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு தயாராக நின்றிருந்தாள்.

"என்னை உள்ள வரச் சொன்னாங்கடி! நீ ஏன் வெளிய வர்ற?"

பிசேய் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது.