முதல் தண்ணீர் ஊற்றியவள்

தான் ஒரு விதவை என்பது விஜயலெட்சுமிக்கு அடியோடு மறந்துபோனது, ஒரு புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு. மறக்கக்கூடாத வேளை பார்த்துத்தான் மறதியும் வந்து தொலைக்கிறது.

அப்புத்தளையில் மலை விளிம்பில் நிற்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், பெண்பிள்ளைகள் விடுதிக்கு அவள்தான் பொறுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். பகலில் கணக்குப் பாடம். மற்ற நேரமெல்லாம் பேன் பார்ப்பது, காய்ச்சல்காரிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பது, வீட்டை நினைத்து அழுகிறவளைப் பக்கத்தில் படுக்கவைப்பது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் பஸ் விபத்தில் போனபிறகு, பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றாலும் கதவுக்குப் பின்னால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. நின்று நின்று சலித்துப்போய்த்தான் இந்த வேலைக்கு வந்தாள். இங்கே அவளை எந்தக் கதவுக்குப் பின்னாலும் யாரும் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் அவள் டீச்சர், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை, ஏழாம் வகுப்பு மேனுஷா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். அப்பன் அவள் நடை பழகுமுன்பே வேறொரு குடும்பம் தேடிக்கொண்டவன். அம்மா ஜீவராணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் கைக்குப் போன் வரும். விஜயலெட்சுமி கெஞ்சிக் கொஞ்சிக் கதவைத் திறக்கவைத்துப் பார்த்தாள். பிள்ளை பெரியமனுஷி ஆகியிருந்தாள்.

பூனாகலையில் இருக்கும் தாய்மாமன் தயாபரனுக்கு உடனே போன் போட்டாள்.

"மண்ணு சரிஞ்சி பாத மூடிக் கெடக்கு டீச்சர். ஞாயித்துக்கிழமதான் பஸ் ஓடும்ங்கிறாங்க. அதுவரைக்கும் புள்ளய ஒரு மூலையா ஒக்கார வச்சிருங்க, நாங்க வந்து தண்ணி ஊத்திக்கிறோம்" என்றான் அவன்.

முப்பத்திரண்டு கட்டில் போட்ட மண்டபத்தில் மூலைக்கு எங்கே போவது? முதல் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை யாரும் தொடக்கூடாது என்பது வழக்கம். வெள்ளிக்கிழமை தவணைப் பரீட்சை வேறு. வாசலில் மற்றப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மேனுஷா முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். குளிரில் அல்ல, வெட்கத்தில்.

'ஆபத்துக்குப் பாவமில்லை' என்று சொல்லிக்கொண்டு விஜயலெட்சுமி அவளைத் தூக்கி நிறுத்தினாள். சமையல்காரி ஸித்தி ஸுபைதாவிடம் வெந்நீர் கேட்டாள். ஸுபைதா வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே போய்விட்டாள்.

பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரை உச்சந்தலையில் மூன்று செம்பு ஊற்றினாள் விஜயலெட்சுமி. தலை துவட்டினாள். நல்ல உடுப்பு உடுத்தி, நெற்றியில் பொட்டு வைத்தாள். பிள்ளை பெறாத வயிறு அவளுடையது. அன்றைக்கு அது குளிர்ந்துபோனது.

"அசிங்கமா இருக்கேனா டீச்சர்?" என்று மேனுஷா கேட்டாள்.

"போடி, மகாலெட்சுமி மாதிரி இருக்க."

அடுத்த மூன்று நாளும் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. உளுந்துக் களி கிண்டிக் கொடுத்தாள், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தாள். பரீட்சையும் நல்லபடி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குவைத்திலிருந்து போன் வந்தது. மேனுஷாதான் பாய்ந்து எடுத்தாள்.

"அம்மா! நான் பெரியமனுசி ஆயிட்டேன். டீச்சர்தான் தண்ணி ஊத்துனாங்க. மூணு செம்பு!"

"போன டீச்சர்கிட்ட குடு" என்றாள் ஜீவராணி. பிறகு கேட்டாள். "டீச்சர்... வேற யாருமே கெடைக்கலியா?"

அப்போதுதான் விஜயலெட்சுமிக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமும் ஒரே நொடியில் அவள் தலையில் இறங்கின. வேறு யாரோ ஊற்றினார்கள் என்று பொய் சொல்லவும் வழியில்லை, பிள்ளை பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இல்லம்மா. நான்தான் ஊத்துனேன். எனக்கு... எனக்கு மறந்துபோச்சு."

"ஒங்க மேல கோவம் இல்ல டீச்சர். நீங்க பெத்தவளுக்கு மேல பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா பயமா இருக்கு. நானே புருசன் இல்லாம சீரழியிறவ. எம் புள்ளக்கும் அப்பிடி ஆயிருமோன்னு... அண்ணன் இன்னைக்கு வருது, அனுப்பிருங்க. இனிமே தோட்டத்துப் பள்ளிக்கொடத்துலயே படிக்கட்டும்."

"ஜீவராணி, கணக்குல தொண்ணூறு எடுக்குற புள்ள. படிப்பக் கெடுத்துறாதீங்க."

"அங்க விட்டா எனக்குத் தூக்கம் வராது டீச்சர். இம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு நான் வேற என்னத்தச் செய்வேன்?"

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். பயந்து அழுகிற தாய்க்கு எந்தக் கணக்கு டீச்சரால் பதில் சொல்ல முடியும்? கைராசி என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று விஜயலெட்சுமிக்குத் தெரியும். இருந்தும், இந்தக் கையால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று ஒரு கணம் அவளே நினைத்தாள். ஊர் நினைத்ததைவிட அதுதான் அவளைக் கொன்றது.

பெட்டி அடுக்கும்போது ஸுபைதா பக்கத்தில் வந்து நின்றாள். "அண்டைக்கே சொல்லத்தான் வந்தன் டீச்சர். ஒங்கட மொகத்துல இரிந்த சந்தோசத்தப் பாத்து வாய் வரல்ல."

பகல் பன்னிரண்டுக்குத் தயாபரன் மனைவியோடு வந்து சேர்ந்தான். நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "வூட்டுல திரும்ப ஒருக்கா தண்ணி ஊத்திக் கழிச்சிருவோம் டீச்சர். நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

மேனுஷாவிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. "பதினாறாம் நாள் சடங்கு முடிஞ்சதும் வந்துருவேன் டீச்சர். என் கட்டில யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றாள்.

"குடுக்க மாட்டேன்."

பிள்ளை குனிந்து அவள் காலைத் தொட்டாள். விடுமுறைக்குப் போகிற எந்தப் பிள்ளையும் தலையில் டீச்சர் கைவைத்து வாழ்த்தாமல் படியிறங்கியதில்லை. விஜயலெட்சுமியின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தயாபரன் தடுக்கவில்லை. அவன் மனைவியும் தடுக்கவில்லை.

"ராத்தா, கொஞ்சம் இங்க வாங்க" என்று குசினிப் பக்கம் திரும்பி ஸுபைதாவைக் கூப்பிட்டாள் விஜயலெட்சுமி. "நீங்க புள்ள தலையத் தொட்டு அனுப்புங்க. ஒங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல."

ஸுபைதா கையைத் துடைத்தபடி வந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்க்கமுடியாமல், பிள்ளையின் தலையில் கையை வைத்து, "நல்லா இரிங்க மகள்" என்றாள்.

மேனுஷா குனிந்தது குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "நீங்க டீச்சர்?"

"பஸ்சுக்கு நேரமாச்சு கண்ணு," என்றாள் விஜயலெட்சுமி. "மாமா காத்துக்கிட்டு நிக்கிறாரு. போ."