கட்டிவைத்த காவல் கம்பி

விடிவதற்கு முன்பே எங்கள் சலவைக்கூடத்துக்கு விரிப்புகள் வந்துவிடும். ஐந்து மணிக்கு வண்டி பின்வாசலில் நின்று மூட்டைகளைக் கொட்டிவிட்டுப் போகும். மூன்று மருத்துவமனை, இரண்டு தங்கும் விடுதி. ஊரில் நோயில் படுத்தவர் அழுக்கும் உல்லாசமாகப் படுத்தவர் அழுக்கும் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். கூட வேலை செய்யும் பெரியக்கா மூட்டையைப் பிரித்து, ரத்தக் கறையைத் தனியாகப் போட்டு, மற்றதைத் துவைக்கும் டிரம்முக்குள் திணித்து, கதவை முழங்காலால் சாத்துவாள். துவைத்து வந்த ஈர விரிப்பு பிணமாகக் கனக்கும். அதைத் தோளில் தூக்கி வந்து மேசையில் போட்டு, உதறி, முனைகளை நேராக்கி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்கு ஊட்டுவது என் வேலை. ஒரு பக்கம் ஈரமாகப் போவது மறுபக்கம் மொடமொடப்பாக வெளியே வரும். உள்ளங்கை மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. சூடு இப்போதெல்லாம் முழங்கைக்கு மேலேதான் தெரிகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் இல்லம். பெற்றவர்கள் இல்லாததும், இருந்தும் இல்லாததுமாக முப்பத்தொரு பிள்ளைகள். எங்கள் சலவையில்தான் அவர்கள் வயிறு நிறைகிறது என்று இல்லத்தின் செயலாளர் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லுவார். நானும் அங்கே வளர்ந்தவள்தான். எட்டாம் வகுப்போடு, 'கைத்தொழில் கற்றுக்கொள்' என்று சுவரைத் தாண்டி அனுப்பினார்கள். பதினெட்டு வருஷமாகக் கற்றுக்கொண்டே இருக்கிறேன்.

உருளை சூடேறி ஓடத் தொடங்கியதும் எனக்கு அந்தக் குரல் கேட்கும். 'பதினேழு ரெண்டு முப்பத்திநாலு. பதினேழு மூணு அம்பத்தொண்ணு.' உருளை ஒரு சுற்று சுற்றினால் ஒரு வரி. பதினேழு எட்டு என்று சொல்லும். அதோடு நின்றுவிடும். விடை வராது. விடை எனக்குத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை. பயம்தான், வேறென்ன.

எனக்கு மட்டும்தான் பைத்தியம் என்று முதலில் நினைத்திருந்தேன். பெரியக்கா டிரம் நின்ற நொடியில் கதவுப்பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்த பிறகு அந்தக் கவலை போனது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் அண்ணன் முப்பத்திரண்டு தட்டு எடுத்து வைப்பார், பிறகு ஒன்றை எடுத்து அடுக்கிலேயே கவிழ்ப்பார். நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அந்தக் காகிதத்தைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

அன்றைக்கு ஆறரை மணிக்குக் கேள்வி வந்தாள். பத்தாம் வகுப்புப் பெண். விடாமல் கேள்வி கேட்பதால் இல்லமே அவளை அப்படித்தான் கூப்பிடும். பள்ளிச் சீருடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தண்ணி கொதிச்சா ஆவியாகுது, சரி. கொதிக்காமலே கொடியில துணி எப்படிக் காயுது?"

"காயலைன்னா பெரியக்கா திட்டுவாங்கன்னு பயந்து காயுது."

"பரீட்சையில அப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?"

"திருத்துறவங்க துணி துவைச்சவங்களா இருந்தா போடுவாங்க."

பெரியக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் உள்ளே வந்துவிட்டார். சலவைக்கூடத்துக்கு அவர் வருவது மழை வருவதுபோல அல்ல, கூரை ஒழுகுவதுபோல. நல்லதற்கு வரமாட்டார்.

"அதை மடிச்சு வை," என்றார் கேள்வியிடம். "இனிமே உனக்கு யூனிஃபார்ம் தேவையில்லை. இன்னியிலேருந்து இங்கேதான். புதுசா ஒரு ஆஸ்பத்திரி நம்மகிட்ட துணி கொடுக்குது. உருளைக்கு இன்னொரு ஆள் வேணும்."

"சார், பத்தாவது சார் அவ," என்றேன். "மூணு மாசத்துல பரீட்சை."

"பரீட்சை எங்கே ஓடிப்போகுது? அடுத்த வருஷமும் வரும்."

"விண்ணப்பம் கொடுக்க இன்னிக்குத்தான் சார் கடைசி நாள்," என்றாள் கேள்வி. "உங்க மேசையில இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"போடலை. நாதியத்த பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு? தொழில் கத்துக்கிட்டா சோறு போடும். இதோ, உங்க அக்கா இல்லையா? நல்லாத்தானே இருக்கா."

நான் நன்றாக இருக்கிறேனாம்! அதைக் கேட்டு எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறியது.

"போன தடவையும் ஒரு பிள்ளையை இங்கேதான் நிறுத்தினோம் சார்."

அவர் முகம் மாறவில்லை. கதவை மட்டும் சாத்தினார்.

"எந்தப் பிள்ளை? விளையாட வந்து தானே கையை விட்ட பிள்ளையா? அப்படித்தானே மூணு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க? கம்பியைக் கட்டினது யாரு? நீ. விசாரணைன்னு வந்தா முதல்ல உள்ளே போறது யாரு? வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசி." கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு மணிக்கு வருவேன். இவ கையில வேலை இருக்கணும்."

போய்விட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நாங்கள் யானைகூட இல்லை. ஆனால் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உண்மை.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி உண்டு. காவல் கம்பி என்போம். விரல் பட்டால் போதும், கம்பி பின்னால் நகர்ந்து உருளை நின்றுவிடும். விரல் பட்டால் மட்டும் நின்றால் பரவாயில்லை. விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நிற்கும். ஒரு மணி நேரத்தில் இருபது தடவை நிற்கும், இருபது தடவை ஓட்ட வேண்டும். துணி தேங்கிப்போகும், செயலாளர் கத்துவார். ஒருநாள் அவரே சொன்னார்: "அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டித் தொலைங்க. நீங்க என்ன சின்னப் பிள்ளைங்களா கையை விடறதுக்கு?" கிழிந்த விரிப்பின் ஓரத்தைக் கிழித்து நான்தான் கட்டினேன். இறுக்கமாக, இரண்டு முடிச்சு. எங்களுக்கு அது பழகிவிட்டது. உருளையிலிருந்து கை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

வாய்ப்பாட்டுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்து எதைச் செய்தாலும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே செய்வாள். கணக்கு டீச்சராகப் போவதாகச் சொல்லுவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்குத் துணைக்கு இருந்தவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், இரண்டே நாள் என்று செயலாளர் அவளை இங்கே நிறுத்தினார். நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் என்னை அரிக்கிறது. அவள் துணி கவ்வும் கிளிப்பால் புத்தகத்தை மேசை ஓரத்தில் மாட்டி வைத்து, ஒரு கண்ணால் பாடத்தைப் பார்த்துக்கொண்டே விரிப்பை ஊட்டினாள். உருளைச் சத்தத்தோடு பதினேழாம் வாய்ப்பாடு. எட்டாவது வரியில் ஒரு சுருக்கத்தை நீவப் போனாள்.

நான் மின்விசையை அணைக்க ஓடிய தூரம் ஆறு அடி. அதற்குள் அவள் கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாங்கள் வெளுத்து அனுப்பிய விரிப்பின் மேலேயே படுத்திருந்து செத்துப்போனாள். பத்தாம் நாள் அந்த விரிப்பு மூட்டையில் எங்களிடம் வந்தது. பெரியக்கா அதை டிரம்மில் போடாமல் கையால் துவைத்தாள். பதினோராம் நாள் செயலாளர் நீட்டிய காகிதத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டு நிற்கும்போது கேள்வி சீருடையை மடித்து வைத்துவிட்டு, சடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே சரியாக அந்த இடத்தில் நின்றாள்.

"அக்கா, இந்தக் கம்பியை எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?"

பெரியக்காவைப் பார்த்தேன். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்த முடிச்சு அங்கேயே இருந்தது. ஒரு பிள்ளை செத்த பிறகும் நாங்கள் அவிழ்க்கவில்லை. வேலை ஓட வேண்டுமே!

கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டினேன். கம்பி டக்கென்று கீழே இறங்கி, உள்ளே போய்க்கொண்டிருந்த விரிப்பின் ஓரத்தில் இடித்தது. உருளை நின்றது.

பெரியக்கா போய் டிரம்மையும் நிறுத்தினாள். பதினெட்டு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சத்தம் நின்றதும் சமையல் அண்ணன் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். போனமுறை இப்படி நின்றபோது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். கேள்வியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

சொன்னோம். கேட்டு முடித்துக் கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஸ்கூலுக்குப் போறோம்," என்றேன். "பெரிய டீச்சர்கிட்ட நேர்ல சொல்லி இவ விண்ணப்பத்தை வாங்கச் சொல்லணும்."

"கம்பியைக் கட்டினது நீன்னு அந்தாளு சொல்லுவான். உன்னைப் பிடிச்சு உள்ளே போடுவாங்க."

"உண்மைதானே அண்ணே. கட்டினேன்."

"இவ ஒருத்தியா கட்டினா?" பெரியக்கா கையை முந்தானையில் துடைத்தாள். "நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வா, நானும் வர்றேன். செருப்பைத்தான் எங்கேயோ வெச்சேன்."

"அடுப்புல உலை கொதிக்குது," என்றார் சமையல் அண்ணன். ஒரு நொடி நின்றார். "ஆயாவை இறக்கி வைக்கச் சொல்லிட்டு வர்றேன். இருங்க, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

வாசலில் செயலாளர் எதிரே வந்தார். மறுபடி சீருடையை மாட்டிக்கொண்டு வந்த கேள்வியையும் ஈர உடுப்போடு எங்களையும் பார்த்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"பள்ளிக்கூடத்துக்கு," என்றாள் பெரியக்கா.

"இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வர முடியாது. மூணு பேருக்கும் சொல்றேன்."

"திரும்பி வர்றதைப் பத்தி நாங்க இன்னும் பேசவே இல்லை சார்," என்றேன்.

தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மேல் சோப்பு நாற்றம். கேள்வி நடுவில் நடந்தாள். பாதி வழியில் சமையல் அண்ணன் நின்று பின்னால் பார்த்தார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்லை. இன்னொரு பிள்ளை பின்தங்கிடுச்சோன்னு தோணிச்சு."

யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. நான்கூட நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.

தலைமை ஆசிரியை நாங்கள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். கண்டிப்பானவர், சட்டென்று சிரிக்கமாட்டார். கேள்வியை வகுப்புக்குப் போகச் சொன்னார். வேறு படிவம் இருக்கிறது, ஆனால் காப்பாளர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் மேலே ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை என்றார். பேசிக்கொண்டே பழைய பதிவேட்டை எடுத்து இல்லத்துப் பிள்ளைகளின் பக்கத்தைத் திருப்பினார்.

"உங்க இல்லத்துக்கு இதே வழக்கமாப் போச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயும் பரீட்சை நேரத்துல ஒருத்தி நின்னுட்டா. கணக்குல அவளை மாதிரி நான் பார்த்ததே இல்லை. இதோ, உங்க செயலாளர் எழுதிக் கொடுத்தது." விரலை வைத்துப் படித்தார். "உறவினருடன் சென்றுவிட்டாள். படிப்பில் விருப்பமில்லை."

பெரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தின்றார்கள், உயிரைத் தின்றார்கள், அதுவும் போதாமல் படிப்பில் விருப்பமில்லை என்று எழுதிவிட்டார்களே!

"அது பொய்ம்மா," என்றேன். "அந்தப் பிள்ளை எங்கேயும் போகலை. செத்துப்போச்சு. எங்க மெஷின்லதான். நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா நான் அவ மேல கோவமா இருந்தேன்," என்றார். "சொல்லாம போயிட்டாளேன்னு."

பிறகு இழுப்பறையைத் திறந்து கோடுபோட்ட தாள்களை எடுத்து வைத்தார்.

"நடந்ததை நடந்தபடி எழுதணும். ரெண்டு பிள்ளைங்களைப் பத்தியும். விண்ணப்பத்தோட சேர்த்து இன்னிக்கே அனுப்பறேன். என்ன ஆகும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. உங்களுக்கும் இதனால வினை வரும், தெரியுமில்லை?"

"தெரியும்மா."

"யார் சொல்றீங்க? நான் எழுதறேன்."

"நானே எழுதறேன்மா," என்றேன். "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

பேனா சின்னதாக இருந்தது. மரத்துப்போன விரலில் நிற்கவே மறுத்தது. 'கம்பியைக் கட்டியது நான்' என்று முதல் வரி எழுதினேன். ஸ்டூல் பிடித்ததையும் எழுது என்று பெரியக்கா குனிந்து சொன்னாள். கட்டச் சொன்னவனை விட்டுவிடாதே என்றார் சமையல் அண்ணன், பொய்க் காகிதத்தில் தன் கையெழுத்தும் இருக்கிறதே, அதையும் எழுதச் சொன்னார்.

இரண்டாம் பக்கம் பாதி எழுதியபோது கடைநிலை ஊழியர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். இல்லத்துச் செயலாளர் இரண்டு பேரோடு வாசலில் இறங்குவதாகச் சொன்னார்.

என் கை நின்றுவிட்டது. பொய் சொல்லி என்ன, பயந்துதான் போனேன். பெரியக்கா என் தோளைத் தொட்டாள்.

"நீ நிமிராதே. எழுது."

அவளும் சமையல் அண்ணனும் போய்க் கதவுக்கு வெளியே நின்றார்கள். சற்று நேரத்தில் தலைமை ஆசிரியையும் எழுந்து போய் அவர்களோடு நின்றுகொண்டார். வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. நான் அந்தப் பிள்ளையின் பெயரை முழுதாக எழுதினேன், அவளுக்குப் படிப்பில் எவ்வளவு விருப்பம் இருந்தது என்பதை அடுத்த வரியில் எழுதத் தொடங்கினேன்.