துணி மூடிய குப்பி

1994. இராஜபாளையத்து லேபில் நூர்பானுவின் தலை சுற்றிய வேகத்துக்கு ஒரு மில்லுக்கே நூல் நூற்றிருக்கலாம். நோயாளி ரத்தத்தில் ஜென்டாமைசின் மருந்தை அளக்குமுன், மருந்தளவு முன்பே தெரிந்த சீரத்தை, அதாவது ரத்தநீரை, மெஷினில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். ஐந்து காட்ட வேண்டியது, யானைக்கு ஊசி போட்டதுபோல ஒன்பது காட்டியது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஒன்பதுதான்.

நோயாளியின் ரத்தத்தை அனுப்பியிருந்த டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் போட்டார்.

"நேசையனுக்கு அடுத்த ஊசி போடலாமா? மருந்து கூடினா காது போயிரும். கொறஞ்சா ஆளே போயிருவாரு."

"செத்த நேரம் சார். மெஷின் பொய் சொல்லுதா, சீரம் சொல்லுதான்னே வெளங்கல."

உடன் வேலை பார்க்கும் மாஜிதா தயங்கினாள். "சீரக்குப்பி மூடி ஒடஞ்சிருச்சுக்கா. நாந்தான் பேண்டேஜ் துணியக் கட்டி பிரிட்ஜில வச்சேன். ஒரு வாரமாச்சு. பேண்டேஜுக்கே பேர்போன நம்மூரு துணில்லா, நல்லாத்தான இருக்கும்?"

"ஏட்டி, காயம் கட்டுற துணி காத்த அடைக்குமா? தண்ணி வத்தி, மருந்து கெட்டியாயிருச்சு."

புதுக்குப்பி ஐந்து காட்டியது. நேசையனின் ரத்தத்தை ஓட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

"கம்மியாத்தான் இருக்கு சார். போடுங்க."