தாது வருஷத்து ரைஃபிள்

ஒரு வருஷத்தை வைத்துக் காப்பாற்ற வீட்டில் இடம் இருந்தால்தான் அந்த ஊரில் மாதிரி ரைஃபிள் விற்பார்கள்.

மாதிரி என்றால் பழைய காலத்து லீவர் துப்பாக்கியைப் பார்த்து இப்போது அச்சாகச் செய்வது. அசலை யாரும் கேட்பதில்லை. அசல் தன் வருஷத்தை வாழ்ந்து தீர்த்துவிட்டது. உள்ளே துருதான் மிச்சம். மாதிரி அப்படியல்ல. எந்த வருஷத்துத் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தார்களோ அந்த வருஷம் அதற்குள் பிரிக்காத பெட்டி மாதிரி முழுசாக இருக்கும். லீவரைக் கீழே இழுத்தால் துப்பாக்கியின் மேல்புறம் திறக்கும். திறந்தால் வருஷம் பேசும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொழுதுபோக்காகக் காகித இலக்கைச் சுடுகிறவர்கள் இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினார்கள்.

மௌனிகா எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படித்தாள். காகிதத்தைச் சுடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் எல்லோரும் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அவ்வளவு நேரம் அவள் பதில் சொன்னாள். இரண்டு வருஷம் காத்திருந்த பிறகு சுடுதளத்தில் ஏழாவது லேன் காலியானது. விண்ணப்பத்தில் தன் துப்பாக்கியின் வருஷத்தைச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குள் அவள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிய வருஷத்தை மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து தோட்டா சுட்டு மூன்றை இலக்குத் தாளில் ஏற்ற வேண்டும். தவறினால் லேன் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவருக்கு ஏற்கெனவே இரண்டு லேன்கள் இருந்தன. மூன்றாவதில் செருப்பு விட்டுவைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

செருப்பு என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து மௌனிகா சரியாகத் தூங்கவில்லை.

செவ்வாய் மதியம் அவள் கடைக்குப் போனாள். கூட அவளுடைய அக்கா சாருமதி வந்தாள். பீளமேட்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருவரும் சேர்ந்து இருந்ததால், வருஷம் உள்ளே வர அக்காவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அதற்காக அவள் ஆபீஸில் அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

கடைக்காரர் வெள்ளிங்கிரி பச்சைத் துணியை விரித்து, முதலில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டை எடுத்து வைத்தார்.

"நந்தன வருஷமுங். எடை கம்மி. லீவரு தாழ்ப்பாளாட்ட வழுக்கிட்டுப் போகும். பொண்ணுங்களுக்குன்னு சுடுதளத்துச் செக்ரட்டரி இதைத்தானுங் சொல்லுவாரு."

"அவர் ஏன் சொல்றார்? அவரா சுமக்கப் போறார்?"

"அதுவுஞ் சரிதானுங்," என்றார் வெள்ளிங்கிரி.

மௌனிகா லீவரை இழுத்தாள். உள்ளிருந்து வெற்றிலை வாசனை வந்தது. பிறகு ஒரு குரல், மிகவும் தன்மையாக, "ஏனம்மா, வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டது.

மௌனிகா தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவள் பையைக் கீழே வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சாருமதிக்குத் தெரியும். அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.

தொண்ணூற்றிரண்டோடு இருபது நிமிஷம் போனது. அது தோற்றுவிட்டு, அப்படியும் கேட்டதையே திரும்பக் கேட்டது. அடுத்து அறுபத்தாறு. பித்தளை உடம்பு, விளக்கின பூஜைச் சாமான் மாதிரி மின்னியது. அதுவும் அதையேதான் கேட்டது. எழுபத்து மூன்று இன்னும் ஒருபடி மேலே போய், "தனியாவா வந்தே?" என்றது.

"அப்ப நான் இங்க உக்காந்திருக்கறது என்ன பூசணிக்காயா?" என்றாள் சாருமதி.



"விடுடி," என்றாள் சாருமதி. "சண்டை போட ஊருல ஆள் பத்தலைன்னு வருஷத்தையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றே. தொண்ணூத்திரண்டையே எடுத்துக்க. பாவம், மரியாதையாத்தான கேட்டுச்சு."

"மரியாதையா கேட்டா கேள்வி மாறிடுமா?"

"உனக்கு மௌனிகான்னு பேரு வெச்சவங்களைத்தான் சொல்லணும்."

மௌனிகா வெள்ளிங்கிரி பக்கம் திரும்பினாள். "அண்ணா, இதைக் கேக்காத வருஷமே கிடையாதா?"

வெள்ளிங்கிரி உள்ளறைப் பக்கம் பார்த்தார். "ஒண்ணு இருக்குதுங். ஆனா அது ஆகாதுங்."

"எனக்கு ஆகாதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"உங்களுக்குன்னு சொல்லலீங் அம்மிணி. யாருக்குமே ஆகலீங்."

உள்ளே போய் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபத்தாறு. நீளம், மற்றதைவிட ஒன்றரைப் பங்கு கனம், பெரிய தோட்டா பிடிக்கும் வாய். துணிமேல் வைத்தபோது மேஜை ஒருமுறை முனகியது.

"தாது வருஷமுங்," என்றார் குரலைத் தணித்து.

தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றி மௌனிகா பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு எழுதியிருந்தாள். லீவரை இழுத்தாள். உள்ளிருந்து எந்த வாசனையும் வரவில்லை. பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

"சாப்பிட ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஆம்பளைகளைப் பற்றிய கேள்விக்கு மௌனிகாவிடம் மூன்று வகையான பதில்கள் தயாராக இருந்தன. மூன்றையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

சாருமதி அதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாள். மத்தியானம் மிச்சம் வைத்த தயிர்சாதம் இருந்தது. துப்பாக்கியின் பக்கவாட்டில் தோட்டாவை உள்ளே தள்ளுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. இருவரும் சாதத்தைச் சிறுசிறு உருண்டையாகப் பிடித்து அதன் வழியே தள்ளினார்கள். ஐந்து உருண்டை போனதும் குரல், "எனக்குப் போதுங். மிச்சத்தைப் பின்னால நிக்கறவங்களுக்குக் கொண்டுபோறனுங்," என்றது.

"பின்னால எத்தனை பேர் இருக்காங்க?"

"இந்த வருஷத்துல இருக்கற எல்லாருமுங்."

சாருமதி டிபன் பாக்ஸை வழித்து மீதியையும் தள்ளினாள்.

"சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்," என்றார் வெள்ளிங்கிரி. "இதுல குண்டு பத்தடி தாண்டாதுங். பசியில எங்கீங் தாண்டும்? இதுவரைக்கும் மூணு பேரு எடுத்துட்டுப் போயி மூணு பேருமே திருப்பிக் குடுத்துட்டாங்."

"அவங்க இதுக்குச் சோறு போட்டாங்களா?"

"எண்ணெய் போட்டாங்."

மௌனிகா பையை மறுபடி கீழே வைத்தாள். "அண்ணா, இது அசலா, மாதிரியா?"

"மாதிரிதானுங்."

"அசல் தாது வருஷம் நடந்து முடிஞ்சு போச்சு. அதுல செத்தவங்க செத்ததுதான். அதை நான் மறுக்கலை. ஆனா இதுக்குள்ள இருக்கறது இன்னும் நடக்கலை. சரிதானே?"

"பாதி கூட நடக்கலீங். லீவரை இழுத்தாத்தான நடக்கும்."

"அப்ப நடக்கறதுக்குள்ள நாம ஏதாவது செய்யலாம் இல்லையா? செய்யக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

வெள்ளிங்கிரி உத்தரவாதச் சீட்டை எடுத்து முன்னும் பின்னும் படித்துப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

மணி நாலே முக்கால். சாருமதி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை குண்டு பத்தடியில விழுந்தா லேன் போச்சு, தெரியுமில்ல? ரெண்டு வருஷம் காத்திருந்தது நீ. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன். அப்பீல் பண்ணுவேன்."

சாருமதி கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பத்தில் வருஷம் என்ற கட்டத்தில் மௌனிகா தாது என்று எழுதிக் கொடுத்தாள்.

ரைஃபிளைக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். புதன்கிழமை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்கு எடுத்த எடுப்பில் சோறு ஆகாது என்று சாருமதி சொன்னாள். வியாழன் காலை ராகிக்களி. வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து, குக்கர் ஏன் இத்தனை தடவை கூவுகிறது என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் கீழே போய் அண்டாவோடு வந்தார். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக விடுதியில் மௌனிகா ஒரு கூட்டம் போட்டுப் பேசினாள். எதிர்த்துப் பேசத் தயாராக வந்த இரண்டு பேர் கடைசியில் இட்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். மாடிப்படியில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து, சின்னக் கதவு வழியே தள்ளிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிவரை உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சனிக்கிழமை மதியம் லீவரை இழுத்தபோது கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஒரு குழந்தை அழுதது. சாப்பிட்ட குழந்தை அழும் அழுகை, நல்ல தெம்பாக. சாருமதி அதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

ஆனாலும் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. ஏழாவது லேனில் ஐம்பது மீட்டர் தள்ளித் தாள் கட்டியிருந்தது. செக்ரட்டரி ஆல்பர்ட் பதிவேட்டோடு நின்றார். பட்டியலில் அடுத்தவரும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

முதல் தோட்டா பத்தடியில் விழுந்தது. செக்ரட்டரி குனிந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்.

இரண்டாவது முப்பது மீட்டர் போய், புல்லில் உட்கார்ந்தது.

"தொண்ணூத்திரண்டு எடுத்திருக்கலாம்," என்றார் செக்ரட்டரி.

"தாது எடுக்கக்கூடாதுன்னு விதியில இருக்கா சார்?"

"இல்லை."

"அப்ப?"

செக்ரட்டரி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டார். இனி மூன்றும் தாளில் ஏற வேண்டும். மௌனிகா லீவரை இழுத்து, திறந்த வாயருகே குனிந்து, "அறுபது எழுபது அடி இன்னும் வேணும். முடியுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங். எல்லாரும் சேந்து தள்றோமுங்," என்றது பெண் குரல். உள்ளே நிறையக் காலடிகள் நகர்ந்தன.

மூன்றாவது தோட்டா தாளின் வலது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

நாலாவதுக்கு லீவரை இழுத்தபோது வேறு ஒரு குரல் வந்தது. தொண்டை கனத்த ஆண் குரல். ஏப்பம் விட்டு முடித்து, "ஏனம்மா, கூட ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்றது.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உடம்பு தேறிடுச்சுடி," என்றாள் சாருமதி.

மௌனிகாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பையைக் கீழே வைத்தாள். வருஷத்தோடு வாதம் செய்ய ஒரு தோட்டாவுக்கு ஆறு நிமிஷம் விதியில் இடமிருந்தது. செக்ரட்டரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது நிமிஷத்தில், உள்ளே அந்தப் பெண் குரல், "நீங்க சித்த நேரம் சும்மா இருங் மாமா, அம்மிணி குறி பாக்கட்டும்," என்றது. மௌனிகா சுட்டாள். தாளில் இரண்டாவது ஓட்டை விழுந்தது.

ஐந்தாவதுக்கு லீவரை இழுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. மற்ற லேன்காரர்கள் துப்பாக்கிகளின்மேல் எண்ணெய்த்துணி போர்த்தினார்கள். ஏழாவது லேனில் தரை நனையவில்லை. பத்து லேன் மழையும் சாய்ந்து சாய்ந்து வந்து, எழுபத்தாறின் திறந்த வாய்க்குள் இறங்கியது. கை கடுத்தாலும் மௌனிகா அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் குழலுக்குள் தவளைகள் கத்தின.

"தவளை கத்தும்போது சுடக்கூடாது," என்றார் செக்ரட்டரி. விதிப்புத்தகத்தில் அது இருந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்தவர் செருப்பைக் கை மாற்றிப் பிடித்தார். தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கியதும் மௌனிகா லீவரை மூடி, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினாள். கட்டை தோளில் உதைத்த வேகத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது லீவர் மறுபடி கீழே தொங்கியது; மழையும் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. தாளுக்கு நடுவில், கொஞ்சம் இடப்பக்கம், மூன்றாவது ஓட்டை இருந்தது.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மௌனிகாவும், கூடவே சாருமதியும் செக்ரட்டரியும் நடந்து போய்ப் பார்த்தார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

"போதுங் அம்மிணி, லீவரை மூடிருங்," என்றது அந்தப் பெண் குரல். "இதுக்கு மேல பேஞ்சா சோளம் அழுகிரும்."

மௌனிகா மூடினாள். மழை நேராக அவள் தலையில் கொட்டியது. சாருமதி முந்தானையை இழுத்து இருவர் தலைக்கும் போட்டாள்.

செக்ரட்டரி பதிவேட்டை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஏழாம் லேன், தாது, மூன்று என்று எழுதினார். "கடைசி ஓட்டைக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்," என்றார். "தாளுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தவங்கதான் போடணும்."

"எனக்கு எழுதத் தெரியாதுங்," என்றது குரல்.

ஓட்டையின் ஓரங்களைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு ஒரு கட்டைவிரல் வெளியே வந்தது. அதில் சேறு ஒட்டியிருந்தது. மௌனிகா தன் துப்பட்டா முனையால் அதைத் துடைத்துவிட்டாள். செக்ரட்டரி மைப்பெட்டியைத் திறந்தார்.