இறக்கை முளைத்த ஆத்தா

"அது சாமி இல்ல ராஜாம்பா. ரோமாபுரிப் பொம்பள. எம்மவன் தயாளன் காலேஜு புக்குல பாத்துச் சொன்னான்."

"ரோமாபுரியோ எந்தப் புரியோ. அன்னிக்கு ஆத்தான்னு சொன்னது நீங்கதான ஐயா."

ராஜாம்பாள் குரலை உயர்த்தவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த கொளஞ்சியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். களத்தில் அவர் மனைவி கமலா குனிந்தபடி காலால் நெல்லைத் துழாவ, கழுத்துச் சங்கிலியில் அந்தப் பொற்காசு முன்னும் பின்னும் ஆடியது.

எண்பத்தேழாம் வருஷ மறியலில், இட ஒதுக்கீட்டில் பங்கு கேட்டு, கொளஞ்சியப்பனின் சாதிக்காரர்கள் வடக்கனந்தல் ரோட்டில் வேரை வெட்டிப் புளியமரத்தை இழுத்துச் சாய்த்திருந்தார்கள். விறகு பொறுக்கப் போன ராஜாம்பாளுக்கு வேர்க்குழியில் அந்தக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் உருண்டைமேல் நிற்கும் பெண். கையில் மாலை, முதுகில் இரண்டு இறக்கை. அப்போது மகளுக்குக் காய்ச்சல். பஸ் ஓடவில்லை, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

'ரெக்கையா? அது ஆத்தாளச் சுத்தி எரியற அக்கினிடி. இது மாரியாத்தா. பொதையல் பொன்னு வூட்டுல தங்குனா புள்ள தங்காது. குடு, கோயில்ல சேத்துடறேன்' என்றார் கொளஞ்சியப்பன். பிள்ளை பேரைச் சொன்னதும் ராஜாம்பாள் கற்பூரத்தோடு கொடுத்துவிட்டாள். அவள் சனம் கோயிலுக்குள் போக முடியாது. அவர் கை உள்ளே போகும்.

அப்போது காய்ச்சல் விட்டது. இப்போது மகளுக்கு மறுபடி வந்துவிட்டது. வேண்டுதல் ஏன் சேரவில்லை என்று இன்று கமலாவின் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது.

"அது வெற்றி தேவதை. சண்டையில ஜெயிச்ச ராஜா காசுல போடுவான்," என்றான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தயாளன், பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஜெயிச்சவங்க கழுத்துக்குத்தான் போய்ச் சேந்துருக்கு தம்பி."

"இன்னா பேச்சு பேசற?" கொளஞ்சியப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"என் கையில இருந்தப்ப ஆத்தா. உங்க வூட்டுக்கு வந்ததும் ரோமாபுரி. பங்கு கேட்டுத்தான ஐயா மரத்த சாச்சீங்க? அதுக்கடியில கெடைச்சதுல ஆத்தா பங்கையே எடுத்துக்கினீங்களே."

கமலாவின் கால் நெல்லில் நின்றது. கை தானாகக் காசை மூடிக்கொண்டது. ராஜாம்பாள் கொளஞ்சியப்பனை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"கமலாம்மா, நீங்களும் புள்ள பெத்தவங்க. அது எனக்கு வேணாம். கழட்டி உங்க கையாலயே ஆத்தாளுக்குப் போட்டுடுங்க. நான் வெளிய நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."