கர்சர் நின்ற வரி

சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே நிறம். இது மனைவிக்குத் தெரியும். அவருக்குச் சட்டை தேர்ந்தெடுப்பதே அவள்தான். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பதினாறு வருடமாக வாயே திறக்கவில்லை மனிதர்.

மற்றவர்கள் எழுதிய கணினி நிரலில் திருத்தங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. நிரலைத் திரையில் காட்டும் எடிட்டரில் நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. நீக்கிய வரியின் மேல் ஒரு குறுக்குக் கோடும் இருக்கும். அந்தக் கோட்டை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். ஆனால் போன மாதம் ஐந்து முறை, நீக்கிய வரியை வைத்துக்கொண்டு புதியதைத் தூக்கி எறிந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை பேசுவோம். இந்த வேலை உங்களுக்குச் சரிவருமான்னு முடிவு பண்ணணும்" என்றார் மேலாளர்.

வியாழன் காலை, எதிர் மேசைப் பெண் அந்த ஐந்து தப்புகளோடும் வந்து நின்றாள். கமாவைக்கூட விட்டுவைக்காதவள், அதனால் அவளுக்குக் ‘கறார்’ என்றே பெயர். எடிட்டரின் நிறங்களை அமைத்தவளும் அவளே. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"அண்ணே, நீங்க தாள்ல பிரிண்ட் எடுத்துப் பார்த்ததுல ஒரு தப்புகூட இல்லை. தப்பெல்லாம் திரையில பார்த்ததுலதான். ஏன்?"

"கண்ணு வலிக்குதும்மா" என்று மழுப்பினார்.

அவள் நகரவில்லை. அவர் திரையைத் தாள் மாதிரியே கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, நீக்கிய வரி ஒன்றில் கர்சரை வைத்தாள். குறுக்குக் கோடு காணாமல் போனது.

"அய்யய்யோ! கர்சர் நிக்கிற வரிக்குப் போன மாசம்தான் ஒரு விதி எழுதினேன், எழுத்து மேல எந்தக் கோடும் இல்லாம வெறுமனே இருக்கணும்னு. ரெண்டு விதியும் ஒரே வரியில மோதினா, பின்னாடி எழுதினது ஜெயிச்சிடும். எங்களுக்குச் சிவப்பு மிச்சம் இருந்ததால கவனிக்கலை. உங்களுக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதியைக் கேட்கவில்லை. அதற்கே அவர் மனசுக்குள் நூறு நன்றி சொன்னார்.

பத்தே நிமிடத்தில் விதியைத் திருத்தினாள். கர்சர் நின்ற வரிக்கு இனி ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டும், எழுத்தைத் தொடாது. அவர் கர்சரை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். கோடு அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் அவளே முந்திக்கொண்டாள். "தப்பு என்னோடது சார். ரெண்டு விதி மோதினதை நான் பார்க்கலை."

"எல்லாரும் அதே நிறத்துலதானே பார்க்கிறாங்க? மத்தவங்களுக்கு ஏன் தப்பு வரலை?" என்று கேட்டார் மேலாளர்.

கறார் தலையைக் குனிந்துகொண்டாள். "என் வேலையில குறை சார். அவ்வளவுதான்."

பழியைச் சுமக்கிறாளே தவிர, அவர் கண்ணைப் பற்றி மூச்சுவிடவில்லை.  அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியாமல் அவர் எழுந்தார்.

"எனக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாது சார். பிறவியிலேயே அப்படித்தான். நான் முதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு அன்னைக்கே சரியா எழுதியிருக்கும்."

 மேலாளர் கறாரைப் பார்த்தார். "இனிமே நீ எந்த நிறத்தை மாத்தினாலும், முதல்ல இவர்கிட்ட காட்டு. இவர் சரின்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்குப் போகணும்."

"ஏண்ணே, இதைச் சொல்லவா இவ்வளவு வருஷம்?" என்று கறார் சிரித்தாள்.

"நீ நல்லா இருக்கணும்மா" என்றார்.