பதினோரு மணி நேரத்தில் இறங்கியவள்

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. எந்த விமான நிலையத்திலிருந்து எந்த விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்றை, எங்கும் போகும் உத்தேசமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் எவனோ ஒருவன் உட்கார்ந்து எழுதியிருப்பானே என்று தோன்றியது. அவனைப் பிடித்துக் கதைக்குள் போட்டேன். அலுவலகத்தில் அவனுக்குக் கிலோமீட்டர் என்று பெயர்.

2

முதல் தொடக்கம்: "விமானமே ஏறாத கிலோமீட்டருக்கு வானம் என்பது..."

வேண்டாம். போட்டிக்கு அனுப்பிய கதை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: அவன் மனைவி நர்ஸ். இரண்டு வருட வேலைக்காகத் தூர தேசத்துக்குக் கிளம்பினாள். வாசலில் பெட்டியைப் பிடித்தபடி, "நான் போகவா?" என்று கேட்டாள்.

"பதினோரு மணி நேரம்தான்," என்றான்.

(போகாதே என்றோ, தைரியமாகப் போய்வா என்றோ சொல்லத்தான் எழுதிக் கொடுத்தேன். தடியன், கேட்கவில்லை.)

3

நேர்க்கோடு கிழித்து, தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்ப்பதுதான் அவன் தொழில். நேர் விமானம் உண்டா இல்லையா என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே கிடையாது. அவள் டிக்கெட்டை நீட்டியபோதும் அவன் பார்க்கவில்லை. தானே எழுதிய பக்கம் இருக்கும்போது டிக்கெட் எதற்கு?

பதினோரு மணி நேரம் முடிந்தது.

"மாப்பிள்ளை, அவ போன் பண்ணாளா?" என்றார் மாமியார்.

"உங்க பொண்ணு இறங்கிட்டா அத்தை. அவளுக்குத்தான் இன்னும் தெரியல."

அந்த நேரம் அவளே கூப்பிட்டாள். "நடுவுல ஒரு ஏர்போர்ட்ல உக்காந்திருக்கேங்க. அடுத்த பிளைட்டுக்குக் காத்திருக்கேன்."

"இல்லையே, நீ இப்போ டாக்ஸியில இருக்கணும். நல்லாப் பாரு."

"என்னத்தப் பாக்க?"

"சுத்திமுத்தி."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பொறுக்காமல் நானே குறுக்கிட்டு, அவள் இன்னும் போய்ச் சேரவில்லையப்பா என்று விளக்கினேன்.

"அப்போ நீங்க தப்பா எழுதியிருக்கீங்க," என்றான்.

4

முடிவு ஒன்று: அவள் சிரித்துவிட்டு அடுத்த விமானம் ஏறுகிறாள். (சிரிக்க மாட்டேன் என்கிறாள்.)

முடிவு இரண்டு: போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. (வெட்கக்கேடு.)

முடிவு மூன்றை அவளே ஆரம்பித்தாள்.

"பக்கத்து கேட்ல நம்ம ஊருக்கு ஒரு பிளைட் நிக்குது. வாசல்ல கேட்டேன், நீங்க சொல்லல. இப்போ சொல்லுங்க. நான் எதுல ஏறட்டும்?"

கிலோமீட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பக்கத் தூரத்தையும் கணக்குப் பார்க்கக் கணினியைத் திறந்தான். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

அவனுக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். அவள் வேலைக்குப் போவதில் பெருமையும் உண்டு. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் பயமும் உண்டு. மூன்றையும் விரல்விட்டுக் கூட்டிப் பார்க்கிறான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

என்னால் இவ்வளவுதான் முடிந்தது. அவனுக்கு உடனே ஒரு வாக்கியம் வேண்டும், எண் எதுவும் இல்லாத ஒன்று. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். இரண்டு கேட்டிலும் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.